யாரைக் கேட்டுக் கொசுவை விட்டார்கள்?

2025 ஆகஸ்ட் 11 அன்று, மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவின் சுருகுதிங்கான் கிராமத்தில் மரபணு மாற்றப்பட்ட ஆண் கொசுக்களை ஆய்வாளர்கள் திறந்துவிட்டார்கள். அவை மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகை. இந்த ஆண்களோடு கூடும் பெண் கொசுக்கள் இடும் முட்டைகளிலிருந்து பெரும்பாலும் ஆண்களே வரும். ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டும்தான் என்பதால், பெண்கள் குறைந்தால் நோயும் குறையும் என்பது கணக்கு. பதினோரு நாள்தான் ஆனது. 22ஆம் தேதி அந்நாட்டின் ராணுவ அரசு திட்டத்தின் எல்லா வேலைகளையும் நிறுத்தியது. கையிருப்பில் உள்ள மாதிரிகளை அழிக்கவும் சொன்னது. லண்டன் இம்பீரியல் கல்லூரி முன்னின்று நடத்த, கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில் 2012 முதல் அங்கே நடந்துவந்த 'டார்கெட் மலேரியா' திட்டம் அப்படியே நின்றுபோனது.

வெளிநாட்டுப் பணக்காரர்களின் பரிசோதனையை ஓர் ஏழை நாடு தடுத்துவிட்டது என்று ஒரு தரப்பு கொண்டாடியது. வதந்தி அறிவியலைத் தோற்கடித்துவிட்டது என்று இன்னொரு தரப்பு வருந்தியது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மரபணு மாற்றப் பூச்சி ஆபத்தா இல்லையா என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறவரைக்கும் இந்தச் சண்டை தீராது. எந்தப் பூச்சி, அதில் என்ன மாற்றம், அந்த மாற்றம் எத்தனை தலைமுறை தங்கும், விடப்படும் ஊரில் அந்தப் பூச்சி வந்தேறியா பூர்வகுடியா என்பதைப் பொறுத்து விடை மாறும். இதுவரை நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: பூச்சியால் வந்த கேட்டைவிட, பூச்சியை விட்டவர்கள் ஊர் மக்களிடம் மறைத்ததாலும் பாதி சொன்னதாலும் வந்த கேடே அதிகம். மக்களின் சம்மதத்தை ஆய்வு முடிந்தபின் ஒட்டவைக்கும் விளம்பர வேலையாக நினைத்தவர்கள் எல்லாருமே அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

பூச்சியைக் கொண்டே பூச்சியை ஒழிக்கும் எண்ணம் புதிதல்ல. அமெரிக்கக் கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு, உயிரோடு சதையைத் தின்னும் புழுக்களைப் பெருக்கும் ஸ்குரூவார்ம் ஈயை ஒழிக்க எட்வர்ட் நிப்லிங், ரேமண்ட் புஷ்லண்ட் என்ற இரு பூச்சியியலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். அந்த ஈயின் பெண் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறைதான் கூடும். ஆண் ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கி லட்சக்கணக்கில் வானிலிருந்து கொட்டினால், பெண்களின் அந்த ஒரே வாய்ப்பு வீணாகும். 1954இல் கரீபியனின் குராசோ தீவில் இது பலித்தது. பிறகு அமெரிக்கா, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா என்று தெற்கே தள்ளிக்கொண்டே போய், பனாமாவில் ஒரு மலட்டு ஈ வேலியை நிறுத்தினார்கள். 1988இல் லிபியாவுக்குள் அந்த ஈ நுழைந்தபோதும் மெக்சிகோவிலிருந்து விமானத்தில் மலட்டு ஈக்களைக் கொண்டுபோய் ஒழித்தார்கள். அறமோ சூழலோ பேசி யாரும் இதைப் பெரிதாக எதிர்க்கவில்லை. ஆனால் வேலி நிரந்தரமல்ல. 2023இல் பனாமாவில் ஈ மறுபடி பெருகியது. 2024 நவம்பரில் மெக்சிகோ வரை ஏறிவந்துவிட்டது. மலட்டுப் பூச்சியை நம்பிய திட்டத்தில் காவல் தளர்ந்தால் பலன் கரையத் தொடங்கும் என்பதை இந்த ஈ காட்டிவிட்டது.

கதிர்வீச்சு கொசுவுக்கு ஒத்துவரவில்லை. மலடான ஆண் கொசு நோஞ்சானாகி, காட்டுக் கொசுவோடு போட்டிபோட முடியாமல் தோற்றது. அந்த இடைவெளியில்தான் மரபணு நுட்பம் புகுந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலிருந்து 2002இல் பிறந்த ஆக்ஸிடெக் நிறுவனம், டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்திக்குள் ஒரு மரபணுவை வைத்தது. அது உற்பத்தி செய்யும் புரதம் புழுவின் செல்களைத் திணறடித்துக் கொன்றுவிடும். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்தால் மட்டும் அந்த மரபணு வாய்மூடி இருக்கும்.

கொசுப் பண்ணையில் அந்த வேலை நடக்கும் விதம் இது. காகிதத்தில் ஒட்டிய முட்டைகளைத் தட்டுத் தண்ணீரில் போடுவார்கள். தண்ணீரில் டெட்ராசைக்ளின் கலந்திருக்கும். அதனால் புழுக்கள் பிழைத்துக் கூட்டுப்புழுவாகும். ஆண் கூட்டுப்புழு பெண்ணைவிடச் சிறியது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சரிவான இடைவெளி விட்டுத் தண்ணீரோடு ஊற்றினால், சிறியவை கீழே இறங்கிவிடும், பெரியவை மேலேயே தங்கிவிடும். ஆண்களை மட்டும் குப்பிகளில் அடைத்து, வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகத் திறந்துவிடுவார்கள். வெளியில் அந்த மருந்து கிடைக்காது என்பது எதிர்பார்ப்பு. ஆண் கூடிய பெண்ணின் வாரிசுகள் புழுப் பருவத்திலேயே சாகும். புழுவின் உடலில் ஒளிரும் அடையாளமும் வைத்திருப்பதால், உருப்பெருக்கியில் பார்த்தால் எது தங்கள் கொசுவின் பிள்ளை என்று ஆய்வாளருக்குத் தெரிந்துவிடும்.

கேமன் தீவுகளில் 2009, 2010 ஆண்டுகளில் விட்டார்கள். கொசு சுமார் 80 சதவீதம் குறைந்தது. பிரேசிலின் பாயியா மாநிலத்தில் ஜுவாசேரோ, ஜகோபினா நகரங்களிலும் இதே அளவிலோ அதற்கு மேலோ குறைந்தது. இவை சாதாரண எண்கள் அல்ல. புகை மருந்து மட்டும் அடித்து இப்படி ஒரு முடிவைக் காட்டுவது கடினம். ஆனால் எண்ணியது கொசுவை, நோயாளியை அல்ல. கொசு எண்பது சதவீதம் குறைந்தால் டெங்கும் அவ்வளவு குறையும் என்று சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் கொசுக்களே ஒரு தெருவைப் படுக்கவைக்கப் போதும். உலக சுகாதார நிறுவனம் இதனால்தான் நோய் குறைந்ததற்கான நேரடிச் சான்று கேட்கிறது. வோல்பாக்கியா என்ற நுண்ணுயிரை ஏற்றிய கொசுக்களை, அதாவது மரபணு மாற்றாத கொசுக்களை, இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் விட்டவர்கள் அந்தச் சோதனையைச் செய்துகாட்டினார்கள். நகரைப் பகுதிகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்குவது போல் பாதியைத் தேர்ந்து விட்டதில், டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் முடிவு வெளியானது. மரபணு மாற்றக் கொசுவுக்கு அப்படிப்பட்ட சான்று வரும்வரை, அரசுப் பணத்தில் அதை வாங்குவதற்கு முன் எந்தச் சுகாதாரத் துறையும் நிதானிக்க வேண்டும் என்பேன். விடுவதை நிறுத்தினால் சில மாதங்களில் கொசு திரும்பிவிடும் என்பதால், இது ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டிய சரக்கு. பிரேசிலில் இன்று வீட்டுக்காரர்களே முட்டைப் பெட்டி வாங்கித் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் அளவுக்கு அது கடைச்சரக்காகிவிட்டது.

வாரிசுகள் எல்லாம் சாகுமா? சாகாது. ஆய்வகத்திலேயே மூன்று நான்கு சதவீதம் பிழைக்கும் என்பது முதலிலிருந்தே தெரிந்த செய்தி. ஜகோபினாவில் 27 மாதங்கள், வாரத்துக்குச் சுமார் நாலரை லட்சம் கொசு வீதம் விட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி பாவெல் குழு அங்குள்ள கொசுக்களை ஆராய்ந்து, மாதிரியைப் பொறுத்து 10 முதல் 60 சதவீதம் வரையான கொசுக்களிடம் ஆய்வகக் கொசுவின் மரபணுத் தடயம் இருப்பதாக 2019இல் எழுதியது. கலந்தது கொல்லும் மரபணு அல்ல. அதைச் சுமந்த கியூபா, மெக்சிகோ வம்சக் கொசுவின் மற்ற மரபணுக்கள். கலப்பினம் வீரியமாகலாம் என்று அந்தக் கட்டுரை ஒரு யூகத்தையும் சேர்த்தது. அதற்கான தரவு அதில் இல்லை. உடன் எழுதிய பிரேசில் விஞ்ஞானிகள் சிலரே எதிர்த்தார்கள். இதழும் கட்டுரையின் மேல் ஐயம் தெரிவித்துக் குறிப்பு வெளியிட்டது. உலகப் பத்திரிகைகளில் அதற்குள் 'தப்பித்த அரக்கக் கொசு' என்று தலைப்பு வந்துவிட்டது.

இதில் இரு பக்கமும் தவறு இருக்கிறது. கலப்பினக் கொசுவால் நோய் கூடியதாகவோ, மருந்துக்கு அது மசியாமல் போனதாகவோ சான்று எதுவும் இல்லை. ஆனால் 'எல்லாம் செத்துவிடும்' என்ற சொல்லை ஊரில் பரவவிட்டவர்கள், மூன்று சதவீதம் பிழைக்கும் என்ற சொல்லை அதே சத்தத்தில் சொல்லியிருந்தால் இந்தக் கலப்பு செய்தியே ஆகியிருக்காது. விஞ்ஞானிக்குச் சிறியதாகத் தெரியும் எண் குடியிருப்பவருக்குச் சிறியதல்ல.

டெட்ராசைக்ளின் விஷயமும் அப்படித்தான். மருந்து வெளியில் இல்லை என்பது சரியல்ல. கோழிப்பண்ணைக் கழிவிலும் சாக்கடை நீரிலும் அது உண்டு. அந்தத் தண்ணீரில் முட்டையிட்டால் புழு பிழைக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020இல் புளோரிடாவுக்கு அனுமதி கொடுத்தபோது, கழிவுநீர் நிலையம், கால்நடைப் பண்ணை, ஆரஞ்சு, ஆப்பிள் தோட்டங்கள் ஆகியவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் விடக்கூடாது என்று நிபந்தனை போட்டது. நல்ல நிபந்தனை. நம் ஊர்களில் சாக்கடையிலிருந்து 500 மீட்டர் தள்ளி ஒரு தெருவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று யோசித்தால், ஒரு நாட்டில் கொடுத்த பாதுகாப்புச் சான்றை இன்னொரு நாட்டுக்கு அப்படியே கொண்டுவர முடியாதது விளங்கும்.

பயிர்ப்பூச்சிகளிலும் இது நடந்திருக்கிறது, ஆனால் சத்தமில்லாமல். பருத்தியைத் தின்னும் இளஞ்சிவப்பு காய்ப்புழுவின் அந்துப்பூச்சியில் ஒளிரும் மரபணு ஒன்றைச் சேர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, 2006 முதல் 2008 வரை அரிசோனாவில் விட்டார்கள். மலட்டுப் பூச்சி, பி.டி. பருத்தி, கடுமையான கண்காணிப்பு எல்லாம் சேர்ந்ததால், அமெரிக்காவின் பருத்தி மண்டலம் அந்தப் புழுவிலிருந்து விடுபட்டதாக 2018இல் அறிவிக்கப்பட்டது. அதே புழு இந்தியாவில் பி.டி. பருத்தியையே தின்று பழகி, குஜராத்திலிருந்து பஞ்சாப் வரை விவசாயியை நொடிக்கவைத்துக்கொண்டிருக்கிறது. முட்டைக்கோஸைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியில் கார்னெல் பல்கலைக்கழகம் 2017இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயல் சோதனை செய்தது. மனிதரைக் கடிக்காத பூச்சி என்பதால் மக்கள் பயம் குறைவு. விளைபொருளில் செத்த மரபணு மாற்றப் புழு இருந்தால் அதை இயற்கை விவசாயப் பொருள் என்று விற்க முடியுமா என்ற பக்கத்து வயல்காரரின் கேள்வி மட்டும் நிற்கிறது.

இனி ஊராரைக் கேட்ட கதை. கேமன் தீவில் கொசு விட்ட செய்தி 2010 நவம்பரில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குள் முப்பது லட்சத்துக்கு மேல் விட்டு முடித்திருந்தார்கள். மலேசியாவின் பென்தோங் அருகே ஆளில்லாக் காட்டில் 2010 டிசம்பரில் ஆறாயிரம் கொசு விட்டார்கள். சோதனை தள்ளிப்போய்விட்டது என்று அமைப்புகள் நம்பிக்கொண்டிருக்க, நடந்து முடிந்த அறிவிப்பு ஜனவரியில் வந்தது. ஆறாயிரம் கொசு ஒன்றும் செய்துவிடாது. ஆனால் அந்த ஒரு அறிவிப்புக்குப் பிறகு அந்த நாட்டில் அடுத்த சோதனையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்ப ஆள் இல்லை.

புளோரிடா கீஸ் தீவுகளில் வாக்கெடுப்பே நடத்தினார்கள். 2016 நவம்பரில் மாவட்டம் முழுவதும் கேட்டபோது அறுபது சதவீதத்துக்கு நெருக்கமானவர்கள் சரி என்றார்கள். கொசு விடத் திட்டமிட்டிருந்த கீ ஹேவன் என்ற சிறு குடியிருப்பில் மட்டும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்றார்கள். இதில் யார் சொல் செல்லும்? டெங்கு மாவட்டம் முழுக்கப் பரவும்; கொசு விழப்போவது அந்தத் தெருவில். நிர்வாகம் கீ ஹேவனை விட்டுவிட்டு, 2021இல் வேறு தீவுகளில், சம்மதித்த வீட்டுக்காரர்களின் தோட்டங்களில் முட்டைப் பெட்டிகளை வைத்தது. குறையில்லாத வழி என்று சொல்லமாட்டேன்; பெட்டி வைத்தவர் வீட்டுக் கொசு பக்கத்து வீட்டுக்கும் போகும். ஆனாலும் 'இல்லை' என்று சொன்ன ஊரை மதித்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். புதிய மருந்தைச் சோதிக்கும்போது ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குகிறோம்; வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம். கொசுவிடமிருந்து யாரும் விலகிக்கொள்ள முடியாது. அதனால் தனியாள் சம்மதம் இங்கே பொருந்தாது. ஊர்ச் சம்மதம் வேண்டும். ஊர் என்றால் எல்லை எது, ஊர்ப் பெரியவர் தலையாட்டினால் போதுமா, வீட்டுக்குள் பகலெல்லாம் கொசுக்கடிபடும் பெண்களின் குரல் அதில் சேர்ந்ததா என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு திட்டமும் தன் வசதிக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது.

இந்தியாவுக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. 1970 வாக்கில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து டெல்லியில் கொசு மரபியல் கட்டுப்பாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கின. பணம், அமெரிக்கா இந்தியாவுக்கு விற்ற கோதுமைக்கு ரூபாயில் வசூலான பி.எல். 480 நிதி. அதற்குச் சில ஆண்டுகள் முன், 1967இல், ரங்கூன் அருகே ஒக்போ கிராமத்தில் ஜெர்மன் விஞ்ஞானி ஹான்ஸ் லாவன் உள்ளூர்ப் பெண்களோடு பொருந்தாத ஆண்களை விட்டே க்யூலக்ஸ் கொசுவை ஒழித்துக்காட்டியிருந்தார். டெல்லியில் அதையே பெரிதாகச் செய்யப் பார்த்தார்கள். மரபணுவை வெட்டி ஒட்டும் நுட்பம் அன்று கிடையாது; தையோடெப்பா என்ற ரசாயனத்தில் முக்கி ஆண் கொசுக்களை மலடாக்கி, டெல்லியைச் சுற்றிய கிராமங்களில் விட்டார்கள். அந்த ரசாயனம் புற்றுநோய் மருந்தாகப் பயன்படுவது; அதிகமானால் அதுவே புற்றுநோயைத் தூண்டவும் கூடியது.

அடுத்து ஹரியானாவின் சோனிபட் நகரில் ஏடிஸ் எஜிப்தியை விட ஏற்பாடானது. 1974இல் பத்திரிகைகள் கேள்வி எழுப்பின. இந்தியாவில் அன்று மறுபடி பெருகிக்கொண்டிருந்தது மலேரியா. அதைப் பரப்பும் கொசுவை விட்டுவிட்டு, மஞ்சள் காய்ச்சலைப் பரப்பக்கூடிய ஏடிஸ் மீது அமெரிக்கப் பணத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை? மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் கிடையாது. ஆனால் அமெரிக்க ராணுவம் அதை உயிரியல் ஆயுதமாக ஆராய்ந்தது ரகசியமல்ல. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1975இல் கடுமையான அறிக்கை கொடுத்தது. சோனிபட்டில் கொசு விடவேண்டிய நேரத்தில் திட்டம் ரத்தானது, பிரிவே மூடப்பட்டது.

ஆயுதச் சதி என்பதற்கு அன்றும் இன்றும் சான்று வரவில்லை. அங்கே வேலை பார்த்த இந்திய விஞ்ஞானிகள் நேர்மையானவர்கள். அவர்கள் உழைப்பு வீணானது வருத்தத்துக்குரியது. ஆனால் சந்தேகம் முட்டாள்தனம் என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. ஏன் இந்தக் கொசு, யார் பணம், முடிவு யாருக்குச் சொந்தம் என்ற மூன்று கேள்விக்கும் திட்டம் தொடங்கும்போதே நாடாளுமன்றத்திலும் கிராமத்திலும் பதில் சொல்லியிருந்தால், 1974இல் அவை குற்றச்சாட்டாக முளைத்திருக்காது. நாற்பது ஆண்டு கழித்து அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு, வயலில் நிற்கும் பயிரின் மரபணுவை மாற்றும் வைரஸ்களை அசுவினி, வெள்ளை ஈ போன்ற பூச்சிகள் மூலம் கொண்டுசேர்க்கும் 'இன்செக்ட் அலைஸ்' திட்டத்தை அறிவித்தது. பயிரைக் காக்க என்றார்கள். அதே வழியில் எதிரி நாட்டுப் பயிரை அழிக்கவும் முடியுமே என்று ஐரோப்பிய விஞ்ஞானிகள் சிலர் 2018இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். சோனிபட்டின் சந்தேகத்துக்கு வயதாகவில்லை.

இதுவரை பேசிய மரபணு மாற்றங்கள் எல்லாம் தானே ஓய்ந்துபோகும் வகை. விடுவதை நிறுத்தினால் சில தலைமுறைகளில் அந்த மரபணு தேய்ந்து மறையும். ஜீன் டிரைவ் வேறு. ஒரு மரபணு மாற்றம் பொதுவாகப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத்தான் போகும். இயற்கையில் சில மரபணுக்கள் இந்த விதியை ஏய்த்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்விடுகின்றன. அதைப் பயன்படுத்தலாம் என்று இம்பீரியல் கல்லூரியின் ஆஸ்டின் பர்ட் 2003இல் எழுதினார். மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிறிஸ்பர் நுட்பம் வந்தபின் அது கைகூடியது. வெட்டும் கருவியையே மரபணுவோடு சேர்த்து வைத்தால், அது எதிர்க் குரோமோசோமையும் வெட்டித் தன்னைப் படியெடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய எல்லா வாரிசுக்கும் போகும். 2018இல் ஆண்ட்ரியா கிரிசாந்தியின் குழு, அனாபிலிஸ் கொசுவின் பாலினத்தைத் தீர்மானிக்கும் டபுள்செக்ஸ் மரபணுவைக் குறிவைத்தது. மாற்றம் இரண்டு பக்கமும் வந்த பெண் கொசுவால் கடிக்கவும் முடியாது, முட்டையிடவும் முடியாது. கூண்டுக்குள் இருந்த மொத்தக் கூட்டமும் 7 முதல் 11 தலைமுறைக்குள் அற்றுப்போனது.

கோட்பாட்டளவில் சில நூறு கொசுவை ஓரிடத்தில் விட்டால் போதும், கண்டம் முழுக்க அது தானே போகும். அதன் வலிமையும் அச்சமும் இதுவே. சாஹேல் பகுதியில் பலூன் கட்டி வலை விரித்த ஆய்வாளர்கள், தரையிலிருந்து 290 மீட்டர் உயரம் வரை காற்றில் மிதந்துபோகும் மலேரியாக் கொசுக்களைப் பிடித்திருக்கிறார்கள்; ஒரே இரவில் அவை நூறு கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடும். ஒரு நாடு அனுமதி கொடுத்தால் அண்டை நாடுகள் எல்லாம் கொடுத்ததாகிவிடும். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் ஆராய்ச்சி தொடரட்டும், வெளியில் விடும் அளவுக்கு இன்னும் அறிவு போதாது என்றன. 2018இல் எகிப்தில் கூடிய உயிரினப் பன்மை மாநாடு, விடுவதற்கு முன் பாதிக்கப்படக்கூடிய மக்களின் சுதந்திரமான முன்சம்மதத்தைப் பெற முயல வேண்டும் என்று தீர்மானித்தது. முழுத் தடை கேட்டவர்கள் தோற்றார்கள். இன்றுவரை எந்த ஜீன் டிரைவ் பூச்சியும் எங்கும் வெளியே விடப்படவில்லை. புர்கினா பாசோவில் விட்டவையும் அந்த வகை அல்ல. ஆனால் அந்த வகைக்கு ஊரைப் பழக்கும் படிக்கட்டுகள். மக்கள் படிக்கட்டைப் பார்த்துவிட்டு மாடியைப் பற்றிக் கேட்டார்கள். அதை வதந்தி என்று சொல்வது நியாயமில்லை.

ஒரு கொசு இனமே ஒழிந்தால் காடு கவிழ்ந்துவிடுமா? 3,500க்கு மேற்பட்ட கொசு இனங்களில் ஒன்றையோ சிலவற்றையோதான் குறிவைக்கிறார்கள். ஆப்பிரிக்க மலேரியாக் கொசுவான அனாபிலிஸ் காம்பியேவை மட்டுமே நம்பி வாழும் பறவையோ வௌவாலோ மீனோ கிடையாது. விக்டோரியா ஏரிக்கரையில் ரத்தம் குடித்த பெண் கொசுவைத் தேடித் தின்னும் ஒரு குதிக்கும் சிலந்தி உண்டு. அதுவும் வேறு பூச்சிகளைத் தின்னும். சூழலியல் ஆபத்து இல்லை என்று இதனால் ஆகிவிடாது. ஒரு கொசு விட்ட இடத்தில் இன்னொரு கொசு குடியேறலாம், மரபணு நெருங்கிய உறவினத்துக்குள் தாவலாம், வெட்டும் இடத்தில் எதிர்ப்பு முளைத்துத் திட்டமே செயலற்றுப் போகலாம், நோய் சில ஆண்டு மறைந்து மக்களின் எதிர்ப்புச் சக்தி குறைந்தபின் கொசு திரும்பினால் சாவு கூடலாம். இதில் கடைசியானதே எனக்கு அதிகம் கவலை தருகிறது. ஏனென்றால் அது மரபணுவின் கோளாறால் வருவதல்ல, நிதி நின்றுபோவதால் வருவது. நிதி நிற்பது நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

ஓர் உயிரினத்தை வேண்டுமென்றே அற்றுப்போகச் செய்ய மனிதனுக்கு உரிமை உண்டா என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் 2023இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர்; பெரும்பாலானோர் ஆப்பிரிக்காவில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் சாவுக்கணக்கு உண்டு. ஐரோப்பாவில் உட்கார்ந்து தடை கோருகிறவர்கள் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். வேறு வழி இல்லையா என்றால், உண்டு, இடத்தைப் பொறுத்து. இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றது. போர் நடந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைச் சோதித்து, வலை கொடுத்து, வீட்டுச் சுவருக்கு மருந்தடித்துச் சாதித்தார்கள். ஒரு மரபணுவையும் தொடவில்லை. அந்தச் சுகாதாரக் கட்டமைப்பும், தீவிரமாகப் பரவாத நோய்நிலையும் புர்கினா பாசோவுக்கு வாய்க்கவில்லை. அங்கே வலையும் 2021, 2023 ஆண்டுகளில் பரிந்துரைக்கப்பட்ட இரண்டு தடுப்பூசிகளும் முதலில் எல்லாருக்கும் போய்ச் சேரட்டும் என்பது என் எண்ணம். ஆனால் முடிவு அங்கே பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுடையது.

அந்த முடிவை எடுக்கும் வழியைத்தான் 2025 கேள்விக்குள்ளாக்கியது. அந்நாட்டின் பானா கிராமத்தில் 2019 ஜூலையில் ஆறாயிரத்துச் சொச்சம் மலட்டு ஆண்களை விடுவதற்கு முன், ஆண்டுக்கணக்கில் கூட்டம் போட்டு, கேள்விக்குப் பதில் சொல்லி, ஊரின் ஒப்புதல் வாங்கினார்கள். கேமன் தீவோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் அரசு மாறியது, நாட்டில் மேற்கத்திய எதிர்ப்பு வளர்ந்தது, கிராமங்கள் கொடுத்த ஒப்புதலைத் தலைநகர் தள்ளுபடி செய்தது. கிராமங்களை மறுபடி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கொசுவை விட்டவர்களுக்குச் சொன்ன அதே நியாயம் தடுத்தவர்களுக்கும் பொருந்தும்.

இந்தியாவில் மரபணு மாற்றக் கொசு திறந்தவெளிக்கு இன்னும் வரவில்லை. மகாராஷ்டிராவின் ஜால்னா அருகே தாவல்வாடியில் 2017இல் ஆக்ஸிடெக் கொசுவை வெளிப்புறக் கூண்டுக்குள் சோதித்தார்கள், அதற்குமேல் போகவில்லை. புதுச்சேரியில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கொசு ஆய்வு மையம் வோல்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் வம்சங்களை உருவாக்கிவிட்டதாக 2022இல் அறிவித்தது. உயிர்த்தொழில்நுட்பத் துறை 2023இல் மரபணு மாற்றப் பூச்சிகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது, அவை ஆராய்ச்சிக்கானவை. பெருமளவில் வெளியே விடும் கட்டத்தை எட்டும்போது, பி.டி. கத்தரிக்காய்க்கு 2010இல் நடந்ததுபோல் ஊர் ஊராகப் பொதுக் கூட்டம் நடக்குமா, அல்லது ஒரு குழுவின் கோப்பில் முடியுமா என்பதை இப்போதே பேசித் தீர்க்க வேண்டும். பேச வேண்டிய கொசுவும் பக்கத்திலேயே இருக்கிறது.

அதன் பெயர் அனாபிலிஸ் ஸ்டீபென்சி. நம் பக்கத்துக் கொசு. சென்னையின் கிணறுகளிலும் மூடாத மேல்நிலைத் தொட்டிகளிலும் வளர்ந்து, தமிழ்நாட்டு மலேரியாவின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் அந்த நகரத்திலேயே நிறுத்திவைத்தது அதுதான். 2012இல் அது ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. அந்த ஆண்டு 27 பேருக்கு மலேரியா வந்த அந்தச் சிறு நாட்டில், 2020இல் 73,000 பேருக்கு வந்தது. 2024 மே மாதம் ஜிபூட்டி அரசு ஆக்ஸிடெக்கின் மரபணு மாற்றிய ஸ்டீபென்சி ஆண்களை விடத் தொடங்கியது. தானே ஓயும் வகை. அங்கே அது வந்தேறி. ஒழித்தால் சூழல் பழைய நிலைக்குத் திரும்பும் என்று வாதிடலாம். நம்மிடம் அது பூர்வகுடி. அந்த வாதம் இங்கே செல்லாது. 2016 இறுதியில் அதே கொசு இலங்கையின் மன்னார்த் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும். மலேரியாவை விரட்டிய நாட்டுக்கு அது பெரிய தலைவலி.

மலேரியாக் கொசுக்களில் முதன்முதலாகக் கிறிஸ்பர் ஜீன் டிரைவ் ஏற்றப்பட்டதும் இந்த ஸ்டீபென்சியில்தான். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2015இல் செய்தது. மறு ஆண்டே டாட்டா அறக்கட்டளைகள் அதன் சான் டியேகோ வளாகத்துக்கு 7 கோடி டாலர் கொடுத்து, பெங்களூரிலும் கிளை கொண்ட ஒரு மரபியல் நிறுவனத்தைத் தொடங்கிவைத்தன. கார்த்தஹேனா உயிரியல் பாதுகாப்பு உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்டிருக்கின்றன. அதன் 17ஆவது விதிப்படி, ஒரு நாடு விட்ட மரபணு மாற்ற உயிர் தற்செயலாக எல்லை தாண்டிக் கேடு செய்யக்கூடும் என்று தெரிந்தால், அண்டை நாட்டுக்கு அறிவிக்க வேண்டும். ராமேஸ்வரத்தில் விட்ட கொசு மன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு ஒரு கடிதம் போகும். தலைமன்னார்க்காரரின் சம்மதத்தை முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை.